முற்றுகையில் மறைந்த சர்க்கரை

1870 செப்டம்பரில் பிரஷ்யப் படைகள் பாரிஸை வளைத்துக்கொண்டன. பத்தாண்டுகளுக்கு முன்புதான் மாநகரோடு சேர்க்கப்பட்ட லா ஷப்பெல் பகுதியும் அதில் அகப்பட்டது. 1871 ஜனவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் ரொட்டிதான் பங்கீடு. அந்தப் பட்டினிக் காலத்தில், தம்மிடம் வந்த நீரிழிவு நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சர்க்கரை இல்லாமற்போனதை மருத்துவர் அபோலினேர் பூஷார்டா கண்டறிந்தார். அளவாக உண்பதே மருந்து என்று அவர் வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு சான்றானது.

சுமார் நூறாண்டு கழித்து, 1960களில், அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு நேரே இணைத்தார். உடல் எடையைக் குறைப்பதே நோக்கம். ஆனால் இத்தகைய அறுவைக்குப் பின், எடை இறங்குமுன்பே, சில நாட்களில் இரத்தச் சர்க்கரை இறங்கியது. 1995இல் வால்டர் போரிஸ் குழு இதை விரிவாகப் பதிவுசெய்தது.

அறுவைக்குப் பின் உணவு குறைவதால் கல்லீரல் கொழுப்பு கரைகிறது. இன்சுலின் நன்கு வேலை செய்கிறது. ஆகவே பூஷார்டா கண்டது இன்றும் பாதி விளக்கமாக நிற்கிறது. மறுபாதிக்கான வலுவான தடயம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் கிடைத்தது. அங்கே பிரான்செஸ்கோ ரூபினோ, பருமனில்லாத நீரிழிவு எலிகளில் முன்சிறுகுடலைத் தவிர்த்து உணவு செல்லும்படி செய்தார். எடையில் வேறுபாடு இல்லாமலே சர்க்கரை கட்டுப்பட்டது என 2004இல் வெளியிட்டார்.

அறுவைக்குப் பின் உணவு குடலின் கீழ்ப்பகுதியை விரைவில் எட்டும்போது ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் இரத்தத்தில் பலமடங்கு பெருகி, இன்சுலினைத் தூண்டுகிறது. அதனால் சாப்பிட்டவுடன் சர்க்கரை சட்டென ஏறி விரைவில் இறங்குகிறது. சிலருக்கு அளவுக்கு மீறி இறங்கித் தலைசுற்றலும் வியர்வையும் வரும். பித்த அமிலங்கள் இரத்தத்தில் கூடுகின்றன. டிரைகிளிசரைடு குறைகிறது, நல்ல கொழுப்பு மெல்ல உயர்கிறது. இன்சுலின் எதிர்ப்போடு சேர்ந்து காணப்படும் லியூசின், வேலின் போன்ற அமினோ அமிலங்களும் தணிகின்றன. கூடவே இரும்பும் பி12 உயிர்ச்சத்தும் குறையக்கூடும் என்பதை மறக்கலாகாது.

1980கள் முதல் லா ஷப்பெலில் கடைத்தெரு கண்ட ஈழத் தமிழர்கள் ‘சீனி வருத்தம்’ என்று சொல்லும் நீரிழிவு நோய், தெற்காசியருக்குக் குறைந்த எடையிலேயே வருகிறது. இதனால் 2016இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், ஆசியருக்கான அறுவை வரம்பை உடல் நிறை எண்ணில் 2.5 புள்ளி தாழ்த்தியது. அறுவை செய்துகொண்டவர் வாழ்நாள் முழுவதும் உயிர்ச்சத்து மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும்.