பிரேக்குக்குள்ள இருக்கிற துணி

பழைய ரேஸ் கார், ரேலி கார் பத்தி ஒரு எபிசோட் போடுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்கீங்க. கேட்டவங்க எல்லாருக்கும் இன்ஜின் கதைதான் வேணும். நான் இன்னைக்கு பிரேக் பத்திப் பேசப் போறேன். திருப்பூர்க்காரனான எனக்கு அதுல ஒரு உரிமை இருக்கு. பிரேக் லைனிங் பிறந்ததே ஒரு ஜவுளிச் சரக்காகத்தான்.

முதலில் நம்ம பக்கத்துக் கதை. கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில் 1888-ல் வந்தது. மில் வந்தால் அதைப் பழுது பார்க்கப் பட்டறை வரும், லேத் வரும், வார்ப்படம் வரும். கொங்கு நாட்டு மோட்டார் ரேஸ் இந்த மண்ணில்தான் முளைத்தது. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரை உருவாக்கினார். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

அவருக்கும் முன்னாடி, சென்னை பக்கம் சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. அங்கே ஓடியதில் நிறைய வண்டிகள் வீட்டுக் கார்கள்தான். ஃபியட் 1100, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். ஃபியட்டை எடுத்துக்கோங்க, பின்னாடி பிரீமியர் பத்மினி ஆச்சே, அதேதான். 1089 சிசி, சுமார் 40 குதிரைத்திறன். ஹெட்டைச் சீவி, கார்ப்பரேட்டரை மாற்றி, கேம் ஷாஃப்டை மாற்றி வேகத்தை ஏற்றினார்கள். பிரேக்? நாலு சக்கரத்துக்கும் டிரம்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு நாலு மடங்கு. இன்ஜினுக்குச் செலவு பண்ண ஆள் இருந்தாங்க, டிரம்முக்கு அவ்வளவா இல்லை. இன்னைக்கு அந்த மாதிரி வண்டியை வாங்கி ரெடி பண்ற பசங்களும் அப்படித்தான், சைலன்சருக்குத்தான் முதல் காசு.

அப்படிப்பட்ட வண்டி "பிரேக் பிடிக்கலீங்க" என்று பட்டறைக்கு வந்தால், நல்ல மெக்கானிக் எடுத்தவுடன் ஸ்பேனரைத் தொடமாட்டார். பெடலை மிதித்துப் பார்ப்பார். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பைப்புக்குள் காற்று இருக்கிறது. முதல் மிதியில் கீழே போய், இரண்டாவது மிதியில் மேலே கெட்டியாக நின்றால் லைனிங் தேய்ந்து இடைவெளி கூடிப்போயிருக்கும், அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். மிதித்தபடியே காலை வைத்திருக்கும்போது பெடல் மெதுவாக இறங்கி, வெளியே எங்கும் பிரேக் ஆயில் ஒழுகாமல் இருந்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போய்விட்டது.

பிரேக் அடித்ததும் வண்டி இடது பக்கம் இழுக்கிறதா? உடனே இடது சக்கரத்தைக் கழற்றத்தான் கை போகும். ஆனால் பல நேரம் இடது பக்கம் ஒழுங்காகத்தான் பிடிக்கிறது, வலது பக்கம்தான் பிடிக்கவில்லை. காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் விடாமல் பிடித்துச் சூடாகிறதென்றால், அந்தச் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளைத் திறந்து பாருங்கள். சக்கரம் விட்டுவிட்டால் ஆயில் திரும்பி வர வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது. அந்த ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கியிருக்கலாம், வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். திறந்த பிறகும் விடவில்லையா, ஷூவோ ஸ்பிரிங்கோ வீல் சிலிண்டரோ இறுகிக் கிடக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை திம்பம் மலைப்பாதையில் இறங்கும்போது வருவது. 27 கொண்டை ஊசி வளைவு. பாதி தூரத்தில் பிரேக் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெடல் கல்லு மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் சூடேறி வழுக்குகிறது. பெடல் தொளதொளவென்று தரைக்குப் போனால் ஆயிலே கொதித்துவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 140 இருந்தாலே தரத்தில் தேறிவிடும். ஷெட்டில் பல வருஷம் சும்மா நின்ற வண்டிக்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

இப்போது அந்த லைனிங்குக்கு வருவோம். 1890-களில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பக்கம், இறக்கத்தில் போகிற குதிரை வண்டிக்காரர்கள் மரப் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸை அடித்து வைத்திருந்ததை ஹெர்பர்ட் ஃப்ரூட் கவனித்தார் என்று சொல்வார்கள். அவர் 1897-ல் தொடங்கிய கம்பெனிதான் ஃபெரோடோ. அவர் செய்த ஆரம்ப கால லைனிங் என்ன தெரியுமா? தாரில் ஊறவைத்த பருத்தி நெசவு. ஆமாங்க, பருத்தி! ஆனால் கார் வேகம் ஏற ஏறப் பருத்தி கருகியது. 1908 வாக்கில் அவர் ஆஸ்பெஸ்டாஸுக்கு மாறினார். கல்லிலிருந்து வரும் நார் அது. பஞ்சு மாதிரி நூற்கலாம், நெய்யலாம், தீ பிடிக்காது.

அதை யார் நூற்றார்கள்? லங்காஷயரில் ராச்டேல் என்று ஒரு பருத்தி ஊர். அங்கே பருத்தித் தொழிலில் இருந்த டர்னர் சகோதரர்கள் 1879-லேயே ஆஸ்பெஸ்டாஸை மெஷினில் நெய்யத் தொடங்கிவிட்டார்கள். நெல்லி கெர்ஷா என்ற பெண் 12 வயதில் பருத்தி மில்லுக்கு வேலைக்குப் போனாள். பிறகு அதே ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் நூற்பு. 1924-ல், 33 வயதில், நுரையீரல் தழும்பேறிச் செத்துப்போனாள். அந்த வருஷமே வில்லியம் குக் என்ற மருத்துவர் அவள் கதையை மருத்துவ இதழில் எழுதினார். கம்பெனி நஷ்ட ஈடு கொடுக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தூசியைக் கட்டுப்படுத்த பிரிட்டனில் விதிமுறை வந்தது 1931-ல்.

இங்கே, சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-ல் வந்தது. ரானே பிரேக் லைனிங் 1964, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974. தமிழ்நாடு பிரேக் ஊரானது இப்படித்தான். அந்தக் காலத்தில் உலகத்தில் எங்கே போனாலும் லைனிங் என்றால் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ்தான். இப்போது அது இல்லாத லைனிங் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் பழைய கார் பிரியர்கள் புதையல் மாதிரி தேடி வாங்குவது "ஓல்டு ஸ்டாக், கம்பெனி ஒரிஜினல்". அந்த டப்பாவுக்குள் இருப்பது பெரும்பாலும் பழைய சரக்குதான். டிரம்மைக் கழற்றினால் உள்ளே கொட்டிக் கிடக்கிற கறுப்புத் தூள், முப்பது வருஷம் தேய்ந்த அதே நார்.

திருப்பூர்ல ஏர் கன் இல்லாத இடம் உண்டா? ஷிஃப்ட் முடிந்தால் சட்டையில் ஒட்டிய பஞ்சை ஊதிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறோம். பட்டறையிலும் அதே கம்ப்ரஸர், அதே கை, டிரம்மைத் திறந்ததும் ஒரு ஊது. எங்க அப்பாவோட பத்மினியைப் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் மட்டும் ஊதமாட்டார். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ம்பாரு. தண்ணீர் தெளித்து, ஈரத் துணியில் துடைத்து, துணியைப் பையில் போட்டுக் கட்டிவிடுவார். ஏன்னு கேட்டேன். அவர் அப்பா ஸ்பின்னிங் மில்லில் இருந்தவராம். லீவு முடிந்து வேலைக்குப் போகும் திங்கட்கிழமை நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். பருத்தித் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயின் அடையாளமே அந்தத் திங்கட்கிழமை இறுக்கம்தான். "தூசின்னா எனக்கு எல்லாம் ஒண்ணுதானுங்க" என்றார்.

எல்லாம் ஒன்றில்லை. பருத்தித் தூசி திங்கட்கிழமையே சொல்லிவிடுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் சொல்லும். கொரோனா சமயத்தில் நாம தைத்துக் குவித்தோமே பனியன் துணி மாஸ்க், அது இந்த நாரைத் தடுக்காது.

பிரிட்டன் 1999-ல் ஆஸ்பெஸ்டாஸை முழுசாகத் தடை செய்தது. இங்கே இன்னும் இறக்குமதி ஆகிறது. 1995-ல் நம்ம உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷமோ, வேலையை விட்டதிலிருந்து 15 வருஷமோ, எது பின்னால் வருகிறதோ அதுவரை கம்பெனி பாதுகாக்க வேண்டும். ரோட்டோரப் பட்டறையில் டிரம் கழற்றுகிற பையனுக்கு அப்படி ஒரு பதிவேடு எங்கே இருக்கிறது? அடுத்த தடவை உங்க வண்டியை விடும்போது, அவன் ஏர் கன்னை எடுப்பதற்கு முன்னாடி ஒரு பக்கெட் தண்ணியும் பழைய துணியும் கேட்டு வாங்கிக் கொடுங்க.