செவனிங் உபகாரச் சம்பளம்: மலேசிய மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு அந்நாட்டு அரசாங்கம் வழங்கும் உபகாரச் சம்பளம் செவனிங். 1983இல் தொடங்கிய இத்திட்டத்திற்கு மலேசியர்களும் விண்ணப்பிக்கலாம். படிப்புக் கட்டணம், மாதச் செலவுப் பணம், விமானப் பயணம் ஆகியவற்றைத் திட்டமே ஏற்கிறது.

விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறக்கப்படும். கட்டணம் கிடையாது, முகவரிடம் பணம் கட்டவும் தேவையில்லை. இளங்கலைப் பட்டத்துடன் 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். சம்பளமில்லாத தொண்டூழியத்தையும் அதில் சேர்க்கலாம்.

பல்கலைக்கழக இடத்திற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்; சில பல்கலைக்கழகங்கள் அதற்குக் கட்டணம் கேட்கும்.

படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி ஈராண்டு இருப்பது கட்டாயம். அங்கேயே வேலை தேட நினைப்பவர்கள் வீட்டாருடன் கலந்துபேசிய பின்னரே விண்ணப்பிப்பது நல்லது.