பிடி அரிசியில் வளர்ந்த சபை



"கடவுள் கொடுப்பார்" என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். சம்பளம் போட இன்னும் பத்து நாள் இருக்கும், அரிசி டின் அடி தெரியும். அப்போது பாட்டி இந்தச் சொல்லைத்தான் சொல்வார். சரி, கடவுள் எப்படிக் கொடுக்கிறார்? வானத்திலிருந்து கொட்டுகிறதா? இந்தக் கேள்விக்கு மிசோரம் மலைநாட்டு வரலாறு ஒரு பதில் சொல்கிறது. கேளுங்கள்.

மிசோரம் இந்தியாவின் வடகிழக்கு மூலையில், பர்மா எல்லையை ஒட்டி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அதற்கு லுஷாய் மலை என்று பெயர். 1894ஆம் ஆண்டு லோரெய்ன், சாவிட்ஜ் என்ற இரு பாதிரிமார் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். எழுத்தே இல்லாதிருந்த மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தைப் பொருத்திக் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். 1897இல் வேல்ஸ் நாட்டிலிருந்து டி. இ. ஜோன்ஸ் வந்தார். 1899இல் அங்கே முதன்முதலாக இருவர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்படித்தான் சபை தொடங்கியது.

சபை என்றால் செலவு இருக்குமே! ஊர் ஊராகப் போகும் ஊழியருக்குச் சாப்பாடு வேண்டும், கோயில் கட்ட வேண்டும். மிசோ ஜனங்களோ காட்டை வெட்டி, எரித்து, மலைச்சரிவில் நெல் விதைத்துப் பிழைப்பவர்கள். கையில் காசு புழங்காது. எத்தனை நாளைக்குத்தான் வேல்ஸ் நாட்டையே எதிர்பார்ப்பது?

அதற்கு வழி அடுப்பங்கரையிலே இருந்தது. 1910ஆம் ஆண்டில் மிசோ கிறிஸ்தவப் பெண்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும், அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பது. சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்து வருவார்கள். சேர்ந்த அரிசியை விற்று அந்தப் பணத்தைச் சபைக்குக் கொடுப்பார்கள். மிசோ மொழியில் இதற்கு 'புஃபாய் தாம்' என்று பெயர். கைப்பிடி அரிசி என்று பொருள். நம் ஊர்ப் பக்கம் கோயிலுக்கு எடுத்து வைக்கிற பிடியரிசி மாதிரிதான்.

தொடங்கிய சிறிது காலத்திலேயே சோதனை வந்துவிட்டது. அந்த மலையில் ஒரு வகை மூங்கில் ஏறக்குறைய 48 ஆண்டுக்கு ஒருமுறை ஒரே சமயத்தில் பூத்துக் காய்த்து மடியும். அந்தக் காயைத் தின்று எலிகள் கணக்கில்லாமல் பெருகும். மூங்கில் காய் தீர்ந்ததும் வயலில் இறங்கும். ராத்திரி படுக்கும்போது நின்ற கதிர் விடியும்போது இருக்காது! மிசோ ஜனங்கள் இதை 'மௌதாம்' என்பார்கள். 1911, 1912ஆம் ஆண்டுகளில் இந்தப் பஞ்சம் வந்தது. அரிசி இல்லாமல் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதையை நம் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு அந்தப் பாடு புரியும்.

"பிள்ளையே பட்டினி கிடக்குது, இதிலே கோயிலுக்கு வேற அரிசியா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பானையில் அரிசி இல்லாதவளிடம் யாரும் பிடியரிசி கேட்க முடியாது. ஆனால், பஞ்சத்தோடு அந்த வழக்கம் செத்துப் போகவில்லை. மறுபடி உலை கொதித்தபோது மறுபடி கை அரிசிக்குள் போனது. 1911 குடிக்கணக்கில் சில ஆயிரம் பேராக இருந்த கிறிஸ்தவர்கள் 1921இல் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டினார்கள்.

கஷ்டம் அதோடு தீரவில்லை. 1959இல் மூங்கில் மறுபடி பூத்தது. பஞ்சம் வரும் என்று மலை ஜனங்கள் முன்கூட்டியே சொன்னதை அரசாங்கம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மனக்குமுறல் வளர்ந்து 1966இல் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்தது. கிராமங்கள் காலி செய்யப்பட்டு, ஜனங்கள் சாலையோர முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வெளிநாட்டுப் பாதிரிமாரும் வெளியேற வேண்டியதாயிற்று. 1986இல்தான் சமாதான உடன்படிக்கை வந்தது. இத்தனைக்கும் நடுவே சபை நின்றது. காரணம், அது வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் நிற்கவில்லை, தன் சொந்தப் பானையில் நின்றது. இன்று அந்தச் சபை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை வேறு இடங்களுக்கு அனுப்பித் தாங்குகிறது. பிடியரிசி இன்றும் எடுத்து வைக்கப்படுகிறது.

வேதாகமத்தில் சாறிபாத் விதவையின் கதை வருகிறது. பஞ்ச காலத்தில் தன் பானையில் மிஞ்சிய ஒரு பிடி மாவைச் சுட்டு எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கொடுத்தாள், அவள் பானை பஞ்சம் தீரும்வரை குறையவில்லை. மிசோ பெண்கள் அந்த நம்பிக்கையைத் தினசரி வேலையாக்கினார்கள். கடவுள் கொடுப்பார் என்று நம்பியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை பாருங்கள். கடவுள் கொடுக்கும்போது தங்கள் கை வழியாகவும் கொடுக்கட்டும் என்று நினைத்தார்கள்.

எந்தச் சமயத்தவரானாலும் இது நமக்குத் தெரியாத பாடமல்ல. தோட்டத் துண்டாடலால் நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து தவித்த நேரத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய கைகள் மாதம் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களையே வாங்கின. அதுவும் ஒரு பிடியரிசிதான்.

மாணவச் செல்வங்களே! இன்று நீங்கள் வாங்கும் பரிசுப் புத்தகத்தின் பின்னாலும் பலருடைய சின்னச் சின்னக் காசு இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லுங்கள்: "நாமும் ஒரு பானை வைப்போம்மா." யாருக்குக் கொடுப்பது என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். கஷ்டப்படுகிற வீடு ஒன்று பக்கத்திலேயே இருக்கும்.