சேலம் கூடமும் கல்யாண வீடியோவும்: தருமபுரி வட்டாரத்தில் படத்தொகுப்பு பயின்ற வழிகள்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டது என்பதால், டி.ஆர். சுந்தரம் 1935-இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற திரைப்படக் கூடத்தைத் தொடங்கிய காலத்தில், தருமபுரி, அரூர், பென்னாகரம் ஆகிய ஊர்கள் அந்நிறுவனம் இருந்த மாவட்டத்திற்குள்ளேயே அடங்கியிருந்தன. 1950-இல் அந்நிறுவனத்திலிருந்து வெளிவந்த 'மந்திரி குமாரி'யை இயக்கியவர்களுள் ஒருவரான எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் திரைப்படக்கலை பயின்றவர். ஆயினும் அக்காலத் தமிழ் ஸ்டுடியோக்களின் தொகுப்பறைகளில் தொழில் கைமாறியது பாடத்தால் அன்று, உதவியாளராக இருந்து பார்த்துப் பழகுவதால்தான்.

உதவியாளரின் முதல் வேலை, லேபிலிருந்து வரும் ரஷ் பிரிண்டை, அதாவது அன்றாடம் எடுத்த காட்சிகளின் முதல் பிரதியை, ஒலிச்சுருளோடு பொருத்துவது. கிளாப் பலகை மூடும் பிரேமையும் அதன் 'டப்' என்ற ஓசை பதிந்த இடத்தையும் ஒன்றுக்கொன்று நேராக நிறுத்தினால்தான் உதடும் சொல்லும் ஒத்துப்போகும். 35 மி.மீ. படச்சுருளில் அடிக்கு 16 பிரேம், நிமிடத்திற்கு 90 அடி என்ற கணக்கு விரலிலேயே பதிந்துவிடும். படமும் ஒலியும் வெவ்வேறு சுருள்களில் இருந்தமையால், ஒன்றை வெட்டுபவர் மற்றொன்றையும் எண்ணிப்பார்த்தே ஆகவேண்டும் என்பது இங்கே முக்கியமானது.

1960-இல் புனேயில் திரைப்படக் கல்லூரி தொடங்கப்பட்டது. சென்னை தரமணியிலும் அரசுக் கல்லூரி அமைந்தது. எனினும் இடங்கள் மிகச் சில. மாவட்ட நகரங்களில் படத்தொகுப்பைப் பரவலாக்கியது அக்கல்லூரிகளைவிட 1980-களுக்குப் பின் பெருகிய கல்யாண வீடியோவே எனலாம். இரண்டு வீடியோ டெக்குகளை இணைத்து, ஒன்றில் ஓடும் காட்சியை மற்றொன்றில் வரிசையாகப் பதிவுசெய்வதே அக்கால முறை. ஃபிலிமில் எந்த இடத்தையும் பிரித்து ஒட்டலாம். டேப்பிலோ நடுவே தாலி கட்டும் காட்சியை மூன்று நொடி நீட்ட நேர்ந்தால், அதற்குப் பிந்தியவை அனைத்தையும் மறுபடி பதிய வேண்டும், அல்லது டேப்பையே மற்றொரு டேப்பில் நகலெடுத்துப் படத்தின் தெளிவை இழக்க வேண்டும். எனவே முன்கூட்டியே வரிசையை முடிவுசெய்யும் பழக்கம் இத்தொழிலில் உண்டாயிற்று. பூவிதழ் உதிர்வதும் இதயவடிவம் விரிந்து அடுத்த காட்சி தோன்றுவதும் இன்று நகைப்புக்குரியவையாகிவிட்டன என்றாலும், மிக்ஸர் கருவி தந்த அந்த வித்தைகளையே வாடிக்கையாளர் கேட்டு வாங்கினர் என்பதையும் சொல்லவேண்டும்.

1989-இல் ஏவிட், 1991-இல் அடோபி பிரீமியர் என வந்த கணினி மென்பொருள்கள், நடுவில் வெட்டும் சுதந்திரத்தைத் திருப்பித் தந்தன. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி குறும்படத்தை மதிப்புள்ள நுழைவாயிலாக்கியது; அங்கிருந்து வந்த கார்த்திக் சுப்பராஜ் 2012-இல் 'பீட்சா'வையும், நலன் குமாரசாமி 2013-இல் 'சூது கவ்வும்' படத்தையும் தந்தனர். இவ்வாறு குறும்படம் எடுக்க முனைந்த கல்லூரி மாணவர் தொகுப்புக்கு உட்கார்ந்தபோது, அருகில் கற்றுத்தரக் கூடியவர் பெரும்பாலும் கல்யாண ஸ்டுடியோ எடிட்டரே.

அவரிடமிருந்து கிடைத்தது வேகமும் ஒழுங்கும்; கிடைக்காதது ஒலி. கல்யாண வீடியோவில் காட்சிகளின் மேல் திரைப்பாடலைப் பரப்பிவிடுவது வழக்கமாகையால், பேச்சை வெட்டும் தேவையே அத்தொழிலில் அரிதாக எழுந்தது. ஆகவேதான் மாணவர் குறும்படங்களில் பேச்சுக் காட்சிகள் தடுமாறுகின்றன: ஒருவர் பேசி முடிக்கும்வரை அவர் முகம், பின்பு மற்றவர் முகம் என்று மாறி மாறி வர, ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி இரைச்சலும் துண்டு துண்டாகிறது. இத்தடுமாற்றத்தைக் குறைக்க உதவும் ஜே-கட் எனப்படும் முறையில், அடுத்தவரின் குரல் முதலில் கேட்க, படம் ஓரிரு நொடி கழித்தே மாறும். டைம்லைனில் ஒலித்துண்டு படத்துண்டுக்கு இடப்புறம் நீண்டு ஆங்கில J எழுத்தின் வடிவம் கொள்வதால் அப்பெயர் வந்தது. இதனோடு, படப்பிடிப்பு நடந்த அறையின் வெற்று ஓசையை ஒரு நிமிடம் தனியே பதிந்து வந்து வெட்டுகளுக்கு அடியில் தொடர்ச்சியாக இட்டால், இரைச்சலின் ஒட்டுகள் பெரிதும் மறைந்துவிடுகின்றன.