ஆயக்கொட்டகைப் பிள்ளைகள்

தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்றொரு பேச்சு மலாயாவில் நெடுங்காலம் உலவியது. காலனி ஆட்சிக் கால மருத்துவர்கள் குழந்தைச் சாவுக்குக் காரணம் சொல்லும்போது காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் எழுதிவிட்டு, தாயின் அறியாமையையும் கூடவே எழுதினார்கள். நான் கிள்ளானுக்கு வடக்கே, காப்பார் சாலையோரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். மேரு வட்டாரத்தில் கிராமத் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். என் அம்மாயியும் அம்மாவும் ரப்பர் மரம் சீவியவர்கள். அந்தப் பேச்சை மறுத்து எழுதும் கடமை எனக்கு உண்டு. பிள்ளையின் வாயிலிருந்து தாய்ப்பாலைப் பறித்தது விடியுமுன் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பிய பெரட்டுதான்.

இன்றைய மேரு, ஜாவா வம்சாவளி மலாய்க்காரர்களின் கம்பங்களும் தாமான் குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் கலந்த ஊர். சுற்றுவட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்க் காடு. புக்கிட் ராஜா, வலம்புரோசா போன்ற தோட்டங்கள் 1900-களின் தொடக்கத்து ரப்பர் விலையேற்றத்தில் வளர்ந்தவை. 1901-இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்புகளை வடித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டிய பிறகுதான் இந்தப் பகுதியில் மனிதர் நிலைத்து வாழ வழி பிறந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் ஆள் திரட்டும் கங்காணிகள் தங்கள் ஊர் ஆட்களைக் குடும்பத்தோடு கூட்டி வந்தார்கள். நாமக்கல் பக்கத்திலிருந்து என் அம்மாயி வந்ததும் அப்படித்தான். 1938-இல் இந்திய அரசு அந்தக் குடிபெயர்வைத் தடை செய்தது. அதற்குள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.

கப்பலில் வந்த பெண்கள் பிள்ளைப்பேற்றுப் பழக்கங்கள் அத்தனையையும் கொண்டுவந்தார்கள். பிள்ளை பிறந்ததும் வீட்டுப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு நாக்கில் வைப்பார். அது சேனை. வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பதால், யார் வைப்பது என்று வீட்டில் பெரிய ஆலோசனையே நடக்கும். சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிடுவார்கள். மஞ்சளாகக் கெட்டியாக இருப்பதால் அது பழைய பால், பிள்ளை வயிற்றுக்கு ஆகாது என்று எண்ணினார்கள். தாய்க்குப் பத்தியச் சாப்பாடு: பூண்டுக் குழம்பு, கருவாடு, முருங்கைக்கீரை, பால் சுறாப் புட்டு. கிள்ளானில் கடல் பக்கம் என்பதால் சுறாவுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றை வேகவைத்துக் காயவைத்து, கல்லில் தாய்ப்பால் விட்டு இழைத்து உரைமருந்து கொடுப்பார்கள்.

இதில் எது சரி, எது தவறு? என் தொழில் தந்த அறிவைக் கொண்டு சொல்கிறேன். சீம்பாலை எறிந்தது பெரிய நட்டம். பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் நோய் எதிர்ப்பு அதுதான். சேனையும் வேண்டாம், ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தானது. உரைமருந்தையும் இன்று நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் பத்தியம், எண்ணெய்க் குளியல், தாயை அடுப்படிக்கு விடாத அந்த முப்பது நாள் காப்பு, இரவில் பிள்ளையைத் தாயின் பக்கத்திலேயே கிடத்தும் பழக்கம் எல்லாம் தாய்க்கு ஓய்வையும் உணவையும் வாங்கிக் கொடுத்தன. பால் ஊற அதற்குமேல் பெரிய மருந்து இல்லை. ஊரில் இதெல்லாம் அம்மா வீட்டில் நடக்கும். தோட்டத்தில் அம்மா வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. பக்கத்து லயத்துக் கிழவிகள் அம்மாவாக நின்றார்கள். தாய் காய்ச்சலில் கிடந்தால் அடுத்த வீட்டுக்காரி தன் பிள்ளைக்கு ஒரு பக்கமும் அவள் பிள்ளைக்கு மறுபக்கமும் கொடுத்தாள். மேருவின் மலாய்க் கம்பங்களில் அப்படிப் பால் குடித்த பிள்ளைகள் இஸ்லாமிய முறைப்படி உடன்பிறந்தவர்களாகவே ஆகிவிடுவார்கள். அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. எங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் தனக்குப் பால் கொடுத்தவளைச் சாகும்வரை "அம்மா" என்று கூப்பிட்டவர்களை நான் அறிவேன்.

காப்பு நாள் முடிந்ததும் பெரட்டு வந்துவிடும். தப்பு சத்தம் கேட்டு இருட்டிலேயே எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் களத்துக்குப் போக வேண்டும். வெயில் ஏறினால் ரப்பர் பால் ஒழுகாது என்பதால் விடியும்போதே சீவத் தொடங்க வேண்டும். பிறகு மங்குகளில் தேங்கியதைச் சேகரித்து, வாளிகளைத் தோள்தடியான காண்டாவில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோனால் நடுப்பகல் ஆகிவிடும். அதுவரை பிள்ளை ஆயக்கொட்டகையில் கிடக்கும். வரிசையாகத் தொங்கும் ஏணைகள், மரம் சீவ முடியாத வயதில் ஓர் ஆயா, ஒரு கஞ்சிப் பானை, ஒரு பால் டின். பெரட்டுக்கு முன் ஒரு தடவை, நிறுவைக்குப் பின் ஒரு தடவை என்று தாய் கொடுத்தாள். நடுவில் அவள் மார்பு கட்டிக்கொண்டு சட்டை நனையும். மரத்தடியில் பீய்ச்சிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவாள். எறும்பு தின்றால் பால் வற்றும் என்ற பயத்தில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவதாக அம்மாயி சொல்லியிருக்கிறார். பிள்ளை கொட்டகையில் அழ, அதற்கு உரிய பால் மண்ணில் போயிற்று.

வேலைக்குப் போகாமல் இருக்கலாமே என்று இன்று கேட்பது எளிது. 1928-இல் நிர்ணயித்த கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த 40 காசு இல்லாமல் குடும்பம் ஓடாது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் மகப்பேற்று உதவித்தொகை தந்தது. பாலூட்ட நேரம் தரவில்லை. 1919-லேயே அனைத்துலகத் தொழில் அமைப்பு, வேலை செய்யும் தாய்க்கு நாளுக்கு இரண்டு முறை அரை மணி நேரம் பாலூட்ட விட வேண்டும் என்று உடன்படிக்கை எழுதியது. அது ஆலைக்கும் வணிகத்துக்கும் மட்டுமே பொருந்தியது. தோட்டக்காரி அதில் சேரவில்லை.

அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் இனிப்புக் கட்டிப்பால். ஏறக்குறைய பாதி சர்க்கரையான அந்தப் பாலைத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். டின் விலையை எண்ணி இன்னும் தண்ணீர் சேர்த்தார்கள். கொழுப்பெடுத்த மலிவுப் பாலில் வைட்டமின் ஏ இல்லை. அதையே குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கண் கெட்டது. 1936-இல் மலாயாவுக்கு வந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் இதைக் கண்டு பொங்கினார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பிட்டுப் பேசினார். பிள்ளைகளுக்கு ஒவ்வாத பாலைப் பரப்பும் பிரச்சாரத்தைக் கொலைக்கு நிகராகக் கருத வேண்டும் என்றார். பழி தாயின் மேல் விழுந்துகொண்டிருந்த காலத்தில் விற்பவனை நோக்கி விரல் நீட்டியவர் அவர்.

மூன்றாண்டுகளில் ஜப்பானியர் வந்தார்கள். வில்லியம்ஸ் சாங்கி முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு டின் பால் கிடைக்கவில்லை, தாய்மார் பால் கொடுத்தார்கள், பிள்ளைகள் பிழைத்தார்கள். எங்கள் தோட்டங்களில் ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். பெண்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று பால் கொடுத்தார்கள். என் அம்மா அப்படி வளர்ந்தவர்.

பால் மறக்கடிப்பதிலும் அன்றைய வாழ்க்கையின் நெருக்கடி தெரிந்தது. இரண்டு, மூன்று வயது வரை கொடுத்தவர்கள் உண்டு. மறக்கடிக்கும் நாள் வந்ததும் மாரியம்மன் கோயில் வேப்பமரத்து இலையை அரைத்து மார்பில் தடவுவார்கள். கசப்பில் பிள்ளை முகம் சுளித்துத் திரும்பும். சில இரவுகள் பாட்டியோடு படுக்க வைப்பார்கள். பால் வற்ற மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். இதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். 1988-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் மல்லிகைப் பூவைப் பால் நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டு, பூவும் பால் சுரப்பைக் குறைக்கிறது என்று கண்டார்கள். பருப்பும் நெய்யும் பிசைந்த குழைந்த சோறு, கேழ்வரகுக் கூழ், பொடித்த நெத்திலி என்று மெல்ல மெல்லப் பழக்கிய வீடுகளில் பிள்ளை நன்றாகத் தேறியது.

கேடு வந்தது அடுத்த கர்ப்பத்தில். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மார்புப் பால் சூடாகிவிடும், விஷமாகும் என்று நம்பி ஒரே நாளில் நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் கஞ்சித் தண்ணீரும் வரக்கோப்பியும்தான் கிடைத்தன. பிள்ளை சவலை விழுந்தது: தலைமுடி செம்பட்டை, கால் வீக்கம், ஓயாத அழுகை. அடுத்த பிள்ளை வந்ததும் பால் நிறுத்தப்பட்ட குழந்தைகளைத் தாக்கும் இதே நிலையைத்தான் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் கண்டு, 1933-இல் மருத்துவ உலகுக்கு எழுதியவர் வில்லியம்ஸ். எங்கள் கிழவிகளுக்குச் சவலையைத் தெரியும். அதைத் தடுக்கும் பருப்பும் முட்டையும் வாங்கும் காசுதான் அவர்களிடம் இல்லை.

பிறகு பல மாறின. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 60 நாள் பேறுகால விடுப்புத் தந்தது. 2023 முதல் அது 98 நாள். குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு மலேசியா 1979-லேயே ஒழுக்க நெறி வகுத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நெறி வந்தது 1981-இல். ஆகஸ்டு முதல் வாரத்தில் உலகமே கொண்டாடும் தாய்ப்பால் வாரத்தை 1992-இல் தொடங்கிய அமைப்பும் பினாங்கில் இருந்து இயங்குவதுதான். இந்த நாட்டுக்கு இதில் பெருமைப்பட உரிமை உண்டு.

ஆனால் மேருவைச் சுற்றி ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. புக்கிட் ராஜா இன்று ஒரு நகரம். தோட்டக்காரியின் பேத்தி தொழிற்சாலை பஸ்ஸில் இருட்டோடு ஏறுகிறாள். அவளும் கழிவறைக்குள் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிறாள். கிளினிக்கில் இதைச் சொல்லி அழுத பெண்களுக்கு நான் ஆறுதல்தான் சொல்ல முடிந்தது, நேரம் கொடுக்க முடியவில்லை.

அதனால் கேட்கிறேன். முதலாளிகளே, ஒரு சுத்தமான அறையும் ஒரு குளிர்பெட்டியும் நாளுக்கு இரண்டு அரைமணியும் கொடுங்கள். அந்த இரண்டு அரைமணி 1919-லேயே எழுதப்பட்ட கோரிக்கை. தொழிற்சங்கத் தலைவர்களே, சம்பளப் பேச்சுவார்த்தையில் இதையும் மேசையில் வையுங்கள். பாட்டிமார்களே, சேனையை விட்டுவிடுங்கள், சீம்பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பூண்டுக் குழம்பையும் அந்த முப்பது நாள் காப்பையும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். பால் போதவில்லை என்று ஒரு தாய் சொன்னால் அவளைக் குறை சொல்லாமல், அவள் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள் என்று முதலில் கேளுங்கள்.