நிவாரணப் பட்டியலில் விடுபட்டது

விழா மலர் என்றால் ஆலயம் எழுந்த கதையும் கெபி கட்டிய கதையும் வேண்டும். அவை பிற பக்கங்களில் உள்ளன. நாம் இங்கு எழுதப் புகுவது, பேசக் கூசி நெடுங்காலம் ஒதுக்கி வைத்த ஒரு சரித்திரம். பேரிடர் வந்து போன பின், பள்ளி செல்லும் பெண்பிள்ளைகள் தண்ணீருக்கும் ஒதுங்கும் இடத்திற்கும் படும் பாடே அது.

விளாத்திகுளம் வைப்பாற்றங்கரையில் இருந்தாலும், ஆண்டில் பெரும்பகுதி நாம் ஆற்றில் காண்பது மணலையே. தாது வருடப் பஞ்சம் (1876–78) முதல் நம் முன்னோர் அறிந்த இடர் பெரும்பாலும் வறட்சிதான். பஞ்சமானாலும் புயலானாலும் நிவாரணம் என்றால் முதலில் அரிசி, பிறகு சேலை, வேட்டி, பாய். வயதுக்கு வந்த சிறுமிக்கு மாதந்தோறும் தேவைப்படுவதைப் பட்டியலில் எழுத எவருக்கும் கை வரவில்லை. அவளை ‘வீட்டுக்குத் தூரம்’ என்று ஒதுக்கி வைத்த பழக்கமே இதற்கும் காரணம் என்பது நம் எண்ணம்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இலங்கைத் தீவு மறைத்து நின்றதால் நம் கரை பெருமளவு தப்பியது. நாகப்பட்டினமும் கன்னியாகுமரியும் தப்பவில்லை. அங்கே முகாம்களில் குளிக்க மறைவிடமின்றிப் பெண்கள் இருட்டும்வரை காத்திருந்தனர். அதே வேளையில், நாடெங்கிலுமிருந்து வந்த பழந்துணிகள் உடுத்துவாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தன! அத்துணிகளைத் தரம் பிரிக்க வந்த டெல்லித் தொண்டு நிறுவனம் ‘கூஞ்ச்’, பழைய பருத்தித் துணியை மாதவிலக்குத் துணியாக்கித் தரும் பணியையும் அக்காலத்தில் மேற்கொண்டது. அதன் நிறுவனர் அன்ஷு குப்தா 2015-ல் மகசேசே விருது பெற்றார்.

கருங்கண்ணிப் பருத்தி விளைந்த கரிசல் பூமியில் துணிக்கா பஞ்சம் என்று சிலர் கேட்கலாம். துணி உண்டு. அதைத் துவைக்கத் தண்ணீர் வேண்டும், வெயிலில் உலர்த்த வேண்டும். பிறர் கண்ணில் படாமல் ஈரத்தோடு மூலையில் ஒளித்து வைத்த துணியே பிள்ளைகளுக்கு நோயைத் தருகிறது.

பின்பு நம் மாவட்டத்தின் முறையும் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தாமிரபரணி பெருகி ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் தனித்து நின்றன. எங்கும் வெள்ளம், ஆனால் குழாயில் நீர் இல்லை. கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் குழாய்களும் ஆற்றுக் கிணறுகளும் சேதமடைந்திருந்தன. பள்ளிகளும் மண்டபங்களும் முகாம்களாயின. வெள்ளம் புகுந்தால் கழிப்பறைத் தொட்டி நிரம்பி மேலே பொங்கும், அந்நீர் கிணற்றிலும் கலக்கும். மின்சாரம் இல்லையேல் மோட்டார் ஓடாது, மேல்தொட்டி காயும். முகாம் கலைந்த பின் வகுப்பறையைக் கழுவுவார்கள், கழிப்பறைக்குப் பூட்டுப் போடுவார்கள். பையன்கள் வேலியோரம் போய்விடுவார்கள். சிறுமி காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்வாள். இல்லையேல், அந்நாட்களில் பள்ளிக்கே வரமாட்டாள்.

மாற்கு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண்ணும் பன்னிரண்டு வயதுச் சிறுமியும் அடுத்தடுத்து வருகிறார்கள். தம்மைத் தொட்டவளை ஆண்டவர் தீட்டு என்று தள்ளவில்லை. எழுந்த சிறுமிக்கு உண்ணக் கொடுக்கச் சொன்னார். பூசையில் எத்தனையோ முறை கேட்டும், நம் வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இதோடு சேர்த்து நாம் எண்ணியதில்லை.

அரசு 2011-12-ல் ‘புதுயுகம்’ திட்டத்தில் கிராமத்துச் சிறுமிகளுக்கு நாப்கின் தர முன்வந்தது. கல்வி உரிமைச் சட்டம் (2009) பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கேட்கிறது. பேரிடர்க்கால உதவிக்கான ‘ஸ்பியர்’ என்னும் உலக அளவுகோல், பள்ளியில் 30 சிறுமியருக்கு ஒரு கழிப்பறை என்கிறது. முகாமில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர் என்றும் அது வகுத்துள்ளது.

அடுத்த ஐப்பசி மழைக்கு முன் நம் வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசி மூட்டையோடு சேர்த்து வைக்க வேண்டியவை: நாப்கின், கெட்டிப் பருத்தித் துணி, உள்ளாடை, சோப்பு, மூடியுள்ள வாளி, பிளீச்சிங் பவுடர். ஆயிரம் லிட்டர் கிணற்று நீருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம் போதும். போட்டு ஒரு மணி நேரம் விட வேண்டும். வெள்ளம் கலங்கிய கிணற்றை முதலில் இறைத்துவிட்டு, அதிகமாகவே போட வேண்டியிருக்கும். இவற்றை வைக்கும் பீரோவின் சாவி பள்ளி ஆசிரியை ஒருவரிடமோ கன்னியரிடமோ இருக்கட்டும். நம் சபையாரிடம் போய்க் கேட்க எந்தச் சிறுமிக்கும் வாய் வராது.