பாக்கு வாணிகமும் பல் திருகாணியும்

தாடை எலும்பில் டைட்டானியத் திருகாணியைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல் கட்டும் சிகிச்சையை ‘இம்பிளாண்ட்’ என்கிறோம். இதனால் வாய்ப் புற்றுநோய் வருமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. விடை தேடுமுன் புத்தளக் கரையின் வரலாற்றைச் சற்றே புரட்டுவது நன்று.

1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கினார். பொன் வெள்ளியைவிட வெற்றிலை தருவதையே இந்தியர் பெரும் மரியாதையாகக் கருதுவதாக அவரது பயணநூல் கூறுகிறது. பிற்காலத்தில் கண்டி இராச்சியத்தின் பாக்கு இக்கரை வழியாகவே தென்னிந்தியாவுக்குக் கப்பலேறியது. அவ்வாணிகத்தைத் தம் பிடிக்குள் வைத்திருக்க ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டினர். சிலாபம் முதல் கற்பிட்டி வரை செய்தி சேகரிக்கச் சென்ற வீடுகளில் எனக்கு முதலில் நீட்டப்பட்டதும் வெற்றிலைத் தட்டுத்தான்.

அத்தட்டின் மறுபக்கத்தை மருத்துவர்கள் மெல்லவே கண்டுகொண்டனர். 1902இல் சென்னையில் நிப்லாக், 1908இல் நெய்யூர் மிஷன் மருத்துவர்கள், 1933இல் திருவிதாங்கூர் நோயாளிகளை ஆராய்ந்த ஓர் ஆகியோர் வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப் புற்றைப் பற்றி எழுதினர். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் அறிவித்தது. புகையிலை இல்லாவிடினும் பாக்கே போதும் என்று 2004இல் உறுதிசெய்தது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றும் ஒன்று.

இம்பிளாண்டின் வரலாறோ குறுகியது. சுவீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் மனிதருக்கு முதன்முதலில் அதைப் பொருத்தியது 1965இல். அதன் அருகே புற்று தோன்றிய சில நோயாளிகள் பற்றிய மருத்துவக் குறிப்புகள் உள்ளன. அவர்களுள் பலர் முன்பே வாய்ப் புற்றுக்கு ஆளானவர்கள், அல்லது புகையிலைப் பழக்கம் உடையவர்கள், அல்லது வாயில் வெண்படலம் போன்ற முன்னோய் கொண்டவர்கள். திருகாணியே நோய்க்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை.

ஆனால் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. இம்பிளாண்டைச் சுற்றி ஏற்படும் சாதாரண ஈறு அழற்சியைப் போலவே புற்றும் தோற்றமளிக்கக்கூடும். வீக்கம், இரத்தக்கசிவு என்று மருந்து மாற்றி மருந்து போட்டு மாதங்கள் கழிந்துவிடும். இரண்டு மூன்று வாரங்களில் ஆறாத புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதே முறை.

பல் பொருத்தச் செல்வோர் திருகாணியின் உலோகத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், தமது வெற்றிலைப் பழக்கத்தை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.